ஆயில் விளக்கு அணையும் வரை

என் கணவர் ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனி புறப்பட்டபோது, வாசலில் நின்ற காரை என் பொறுப்பில் விட்டுப் போனார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டவும் வேண்டாம், மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் போதும், இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும் என்றார். அதை எப்படிச் செய்வது என்று ஒரு முழுத்தாளில் வரிசையாக எழுதி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் கண்ணில் படும்படி செருகியும் வைத்தார்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அவர் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய சக்கர இயந்திரங்களின் மின்பகுதியில் இருந்தார். நான் அதே கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கார் எங்களிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்ட ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. குவார்ட்டர்ஸ் முன்னால் கீற்றுக் கொட்டகை போட்டு அதில் நிறுத்தியிருந்தோம். தெர்மல் மின்நிலையப் புகைபோக்கியின் சாம்பல் கீற்றையும் தாண்டி வந்து அதன்மேல் பவுடர் போலப் படியும். காலையில் துடைத்தால் மாலையில் மறுபடி விரலால் கோலம் போடலாம்.

தாளில் இருந்தது இதுதான். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும். சோக்கை இழு. சாவியைத் திருப்பினால் இரண்டு சிவப்பு விளக்கு எரியும். ஒன்று பேட்டரிக்கு, இன்னொன்று ஆயிலுக்கு. எஞ்சின் பிடித்ததும் இரண்டும் அணையும். ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடு. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"அணையலேன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். பெட்டியில் ஸ்வெட்டரைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் பிரஷர் இல்லேன்னு அர்த்தம். அப்படியே ஓடவிட்டா எஞ்சின் போயிடும். அதெல்லாம் ஆகாது. போன வாரம்தான் ஆயிலும் ஃபில்ட்டரும் மாத்தியிருக்கேன்."

அவர் விமானம் ஏறிய மூன்றாம் நாள் காலை, பால் வருவதற்கு முன்பே எழுந்து தாளும் கையுமாகக் காரில் உட்கார்ந்தேன். மார்கழி. கண்ணாடி பனியில் வியர்த்திருந்தது. எல்லாம் அவர் எழுதிய வரிசையிலேயே நடந்தது. இரண்டு விளக்கும் எரிந்தன. எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்தது. பேட்டரி விளக்கு அணைந்தது. ஆயில் விளக்கு அணையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். அதற்குமேல் தைரியம் இல்லை. சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டேன். அவர் போய் மூன்று நாளில் எஞ்சினைத் தொலைத்துவிட்டேனோ என்று இருந்தது.

சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். இன்னும் எரிந்தது. நான்கு எண்ணி நிறுத்தினேன். மூன்றாவது முறை, எஞ்சின் பிடித்த இரண்டு நொடியில் விளக்கு அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்து நிமிடமும் எரியவே இல்லை. ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் ஓடியது. பயம் போய்விட்டது; அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இரண்டு முறை எரிந்த விளக்கு மூன்றாம் முறை ஏன் அணைந்தது? கெட்டுப்போன பொருள் மூன்றாம் முறை தானே சரியாகுமா?

அன்று டூட்டிக்குப் போயும் அதே நினைப்பு. என் வேலையே விளக்குகளோடுதான். எதிரே பலகையில் வரிசையாகச் சின்ன விளக்குகள். ஒன்று எரிந்தால் அந்த நம்பரில் யாரோ பேசக் காத்திருக்கிறார்கள். ஒயரை எடுத்துச் செருகி, "எக்ஸ்சேஞ்ச்" என்பேன். எட்டு மணி நேரத்தில் எத்தனையோ விளக்கு எரிந்து அணையும். எந்த விளக்கு எந்த செக்‌ஷன், அங்கே யார் எடுப்பார்கள், அவருக்கு அன்று கோபமா சிரிப்பா என்பதுவரை தெரியும். முகம் மட்டும் தெரியாது. விளக்கைப் பார்த்து விஷயம் புரிந்துகொள்வதுதான் சம்பளம் வாங்கும் வேலை என்கிறபோது, வீட்டு வாசலில் ஒரு விளக்கு எனக்குப் புரியாமல் இருந்தது உறுத்தியது.

அவருக்கு அன்றே கடிதம் எழுதினேன். போக இரண்டு வாரம், பதில் வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியவில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு ஸ்டோர்ஸ் ஆபீசர் இருந்தார். காலையில் நான் காரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வேலியோரம் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இவ்வளவு யோசிக்கறீங்க? பழைய வண்டின்னா அப்படித்தான் எரியும். பின்னாடி ஒயர் இருக்கும் பாருங்க, அதைப் புடுங்கி விட்டுடுங்க. நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

ஒயரைப் பிடுங்கினால் விளக்கு அணையும், சரி. எஞ்சினுக்குள் நடப்பது நடந்துகொண்டுதானே இருக்கும்? அவரிடம் அதைக் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஃபோர்மன் இருந்தார். கம்பெனியின் ஜீப், லாரி, பஸ் எல்லாம் பழுது பார்க்கிற இடம் அது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கனமான குரல், லைன் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தெளிவாகக் கேட்கும். நாள்தோறும் பத்து முறையாவது அவருக்கு ஒயர் செருகுவேன். ஒரு மதியம் பலகை அடங்கியிருந்த நேரத்தில், அவர் யாருக்கோ பேசி முடித்ததும் லைனைத் துண்டிக்காமல், "சார், ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றேன்.

"ஆபரேட்டரம்மிணியா? கேளுங்க, கேளுங்க."

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மொதல்ல அந்த வெளக்கு என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. எஞ்சின் பக்கவாட்டுல ஒரு சின்ன சுவிட்ச் இருக்குதுங்க. ஆயில் வந்து அழுத்தி அதைத் தள்ளுச்சுன்னா வெளக்கு அணையும். தள்ளாத வரைக்கும் எரியும். எத்தனை ஆயில் இருக்குது, நல்ல ஆயிலா கெட்ட ஆயிலா, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. ஆயில் அழுத்தத்தோட வந்து சேந்துச்சா இல்லியா, அவ்வளவுதான்."

எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் பலகையில் விளக்கு எரிந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். காரில் எரிந்தால் வர வேண்டியவர் இன்னும் வரவில்லை.

"அப்ப காலையில ஆயில் லேட்டா வருது. ஏன் சார்?"

"பனிக்காலமுங்க. ஆயில் கெட்டியாயிருக்கும், பம்பு இழுக்க நேரம் புடிக்கும். இல்லாட்டி பம்பு தேஞ்சிருக்கலாம். பாக்காம சொல்ல முடியாது. ஒண்ணு பண்ணுங்க, வெளக்கு அணையற வரைக்கும் ஆக்ஸிலேட்டரை மிதிச்சுறாதீங்க. எத்தனை நொடி எரியுதுன்னு எண்ணுங்க. மேல டக்டக்குன்னு சத்தம் வருதான்னும் கேளுங்க. பதினஞ்சு நொடிக்கு மேல போனா நிறுத்திப் போடுங்க."

பலகையில் மூன்று விளக்கு ஒன்றாக எரிந்தன. அவர் லைனைத் துண்டித்தேன்.

அன்றிலிருந்து என் கைக்கடிகாரத்தின் நொடி முள்ளுக்கு ஒரு வேலை கிடைத்தது. மூன்று நாள் நின்ற கார்: ஒன்பது நொடி. அந்த ஒன்பது நொடியும் எஞ்சினின் மேற்பகுதியில் யாரோ கரண்டியால் டப்பாவைத் தட்டுவது போல ஒரு சத்தம் இருந்தது. விளக்கு அணைந்ததும் சத்தமும் நின்றது. அவர் கிளம்புவதற்கு முந்தைய சில நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், கார் என்றால் அப்படித்தான் தட்டும் என்று நினைத்திருந்தேன். ஓர் இரவு மட்டும் நின்ற கார்: ஆறு நொடி. காலையில் ஓடவிட்டு, மாலை டூட்டி முடிந்து வந்து மறுபடி போட்டால் நான்கு. நிறுத்திய கையோடு போட்டால் ஒன்றுகூட இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை போட வேண்டிய காரை நான் கிட்டத்தட்டத் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். பேட்டரி மிகவும் நன்றாக இருந்தது.

எண்களைப் பார்த்தபோது ஃபோர்மன் சொன்ன பனி மீது சந்தேகம் வந்தது. பனிதான் காரணம் என்றால் வெயிலில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நான்கு நாள் காரைத் தொடவே இல்லை. தொடாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பனியும் இல்லை, உச்சி வெயில் கீற்று இடுக்கு வழியாகப் பானெட் மேல் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. பானெட்டைத் தொட்டால் சுட்டது. சாவியைத் திருப்பினேன். பத்து நொடி.

ஆக, குளிர் இல்லை. நின்ற நேரம்தான் கணக்கு. கார் நின்றுகொண்டிருக்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், உள்ளே ஏதோ நடக்கிறது.

திங்கட்கிழமை ஃபோர்மனிடம் சொன்னேன்.

"நல்ல வெயில்லியா?"

"உச்சி வெயில் சார். பத்து நொடி."

"அப்ப நான் சொன்னது தப்புங்க. பம்பு தேய்மானமாத்தான் இருக்கோணும். அதுக்கும் ஒரு வழி இருக்குது. இருபது நிமிஷம் ஓடவிட்டு எஞ்சினை நல்லா சூடு பண்ணுங்க. சூட்டுல ஆயில் தண்ணியாயிரும். பம்பு தேஞ்சிருந்தா அப்ப வெளக்கு மினுக்கும்."

மறுநாள் காலை இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டேன். பக்கத்து வீட்டு ஆபீசர் இரண்டு முறை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். விளக்கு மினுக்கக்கூட இல்லை. பம்பும் இல்லை.

இந்த நேரத்தில்தான் பால்கார அம்மா கொட்டகைக்குள் வந்தாள். அவள் பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து பால் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாள். என் வயதுதான் இருக்கும். வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நிலத்தை அவள்தான் பார்த்தாள். பல நாளாக நான் கடிகாரத்தைப் பார்த்தபடி காரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் ஒன்றும் கேட்டதில்லை. அன்று கேட்டேவிட்டாள்.

"தெனமும் இதப் போட்டுகினு குந்தினுகீறீங்களே, எங்கதான்மா போவப் போறீங்க?"

சிரித்துவிட்டேன். விளக்கைக் காட்டி, "ராத்திரி நின்னா காலையில ஆயில் வர நேரமாகுது. சும்மா நிக்கறப்ப உள்ள என்ன ஆகுதுன்னு தெரியல" என்றேன்.

அவள் கேனைக் கீழே வைத்தாள். "ஒரு தபா நிறுத்திட்டு ஒடனே போட்டா?"

"ஒடனே வந்துடுது."

"ரெண்டு நாள் வுட்டுட்டுப் போட்டா லேட்டாவுதா?"

"ஆமா."

"அட, எங்க மோட்டாரும் அதேதாம்மா பண்ணுது!" என்றாள். "கெணத்துக்குள்ள பைப்பு வுட்டுக்கீறோம்ல, அது அடி முனையில ஃபுட் வால்வுன்னு ஒண்ணு இருக்கும். தண்ணிய மேல வுடும், கீழ வுடாது. அது தேஞ்சிபூட்டா, மோட்டார நிறுத்தினதும் பைப்புல கீற தண்ணி கொஞ்சங் கொஞ்சமா கெணத்துலயே எறங்கிப்பூடும். காலைல சுவிச்சப் போட்டா வெறும் காத்த இழுத்துகினு சுத்தும். நான் ரெண்டு கொடம் தண்ணிய மேல ஊத்தினாத்தான் எடுக்கும். ரெண்டு மாசமா இதே ரோதன."

நான் காரிலிருந்து இறங்கி நின்றுவிட்டேன். இறங்கிப்போன தண்ணீர்! மூன்றாம் முறை ஏன் விளக்கு அணைந்தது என்பது ஒரே நொடியில் விளங்கியது. முதல் இரண்டு முறை நான் பயந்து நிறுத்தியபோதே ஆயில் பாதி வழி ஏறியிருந்தது. மூன்றாம் முறை மிச்ச வழி. நான் வண்டியை ரிப்பேர் செய்யவில்லை, அவள் குடம் குடமாக ஊற்றுகிற வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

"உங்க காருக்கும் அடியில ஃபுட் வால்வு இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியல. கேட்டுச் சொல்றேன்."

எட்டு மணிக்கு டூட்டி ஏறியதும் முதல் வேலையாக ஒர்க்‌ஷாப்புக்கு ஒயர் செருகினேன்.

"சார், கார் எஞ்சின்ல ஃபுட் வால்வு மாதிரி ஏதாவது உண்டா? ஆயில் கீழே இறங்காம நிறுத்தறதுக்கு?"

யாரோ இரும்பில் சுத்தியலால் அடிக்கும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மிணி, சார் எப்ப ஃபில்ட்டர் மாத்துனாருங்க?"

"ஊருக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னால."

"எங்கே?"

"ரோட்டோரத்துல ஒரு கடையில."

"அட ராமா" என்றார். "ஃபில்ட்டருக்குள்ள ஒரு ரப்பர் வட்டு இருக்குமுங்க. ஆயிலை உள்ள வுடும், திரும்பி வுடாது. மாத்துறப்ப அது பழைய ஃபில்ட்டரோட ஒட்டிட்டு வெளிய போயிரும். கவனிக்காம வுட்டா அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் ஆயில் கீழ எறங்கிரும். நீங்க நின்ன நேரம்னு சொன்னப்பவே எனக்குத் தோணியிருக்கோணும். ஞாயித்துக்கெழமை வர்றேன். உங்களுக்கு இந்த ஃபுட் வால்வு ரோசனை எப்படி வந்துச்சு?"

"பால்காரம்மா சொன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சைக்கிள் வந்து கொட்டகை முன் நின்றது. ஒல்லியான, உயரம் குறைந்த மனிதர். சட்டைப் பையில் ஸ்பேனர். யாரோ ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, "ஃபோர்மன் சார் வரலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான்தானுங்க" என்றது அந்தக் கனத்த குரல்.

இரண்டு வருடமாக அந்தக் குரலுக்கு நான் ஒரு பெரிய மீசையும் அகலத் தோளும் கொடுத்து வைத்திருந்தேன். அவரும் என்னைப் பார்த்துச் சற்றுத் தயங்கித்தான் நின்றார். "நீங்க இன்னும் வயசானவங்கன்னு நெனச்சேன். போன்ல அதட்டுறீங்க" என்றார். இருவரும் சிரித்த பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது.

வேலை அரை மணி நேரம்தான். பழைய பேப்பரை விரித்து, ஃபில்ட்டர் கிண்ணத்தைக் கழற்றி இறக்கினார். ஓர் இரவு முழுக்க நின்ற கார். கிண்ணத்தில் கால்வாசிக்குக்கூட ஆயில் இல்லை. "பாத்தீங்களா, நெறஞ்சு இருக்க வேண்டியது" என்றார். உள்ளே ரப்பர் வட்டு இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. நான் குனிந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். அத்தனை நாள் எண்ணிய நொடிகளெல்லாம் அந்தக் காலி இடத்திலிருந்து வந்தவை. உள்ளங்கை அகலம்கூட இல்லை.

அவர் கொண்டுவந்திருந்த புது வட்டை வைத்து, கிண்ணத்தை மாட்டி, கொஞ்சம் ஆயில் சேர்த்தார். "இப்ப போட்டா நீங்க நம்ப மாட்டீங்க. நாளைக்குக் காலையில போட்டு எண்ணுங்க" என்றார். என்னைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்.

இதற்குள் பால்கார அம்மா வந்து, கேனோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்மாந்தூண்டு ரப்பருதானா?" என்றாள். அப்புறம் ஃபோர்மனைப் பார்த்து, "எங்க ஃபுட் வால்வுக்கும் ஒண்ணு வெட்டிக் குடுங்கய்யா. கடைக்காரன் புது வால்வே வாங்கணும்னுகிறான்" என்றாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் வாசற்படியில் கால் துடைக்க, சுரங்கத்தில் மண் அள்ளிப்போகும் கன்வேயர் பெல்ட்டின் ரப்பர் துண்டு ஒன்று கிடந்தது. டவுன்ஷிப்பில் அந்தக் கழிவுத் துண்டு கிடக்காத வாசலே கிடையாது. கால் பட்டுப் பட்டு ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. "இது ஆயில்ல ஊறி உப்பிரும், காருக்கு ஆகாது. தண்ணிக்கு அம்சமா நிக்கும். அம்மிணி, ஒரு மூலையை வெட்டிக்கட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துவந்தேன். அதில் அறுபடவில்லை, அவர் பையிலிருந்த கத்தியால்தான் வெட்ட முடிந்தது. வட்டத்துக்கு அளவு வேண்டுமே என்று கேட்டபோது, பால்கார அம்மா யோசிக்காமல் என் வீட்டு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, "இத விட ஒரு நூல் பெருசு" என்றாள்.

திங்கட்கிழமை காலை: இரண்டு நொடி. செவ்வாயும் புதனும் தொடவில்லை. வியாழன்: இரண்டு நொடி. நான்கு நாள் விட்டுப் போட்டேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். தட்டும் சத்தம் போய்விட்டது. ஃபோர்மனிடம், "அந்த ரெண்டு நொடி ஏன் சார்?" என்று கேட்டதற்கு, "அது இருக்கட்டுமுங்க. பம்பு சுத்தி, ஆயில் எல்லா வழியும் நெறஞ்சு, அழுத்தம் கூடி வரோணும்ல. மனுசன் எந்திரிச்சதும் ஓடுவானா?" என்றார்.

அந்த வாரக் கடைசியில் பால்கார அம்மாவோடு வடக்குத்து போனேன். அவள் கூப்பிட்டாள் என்பதற்காக மட்டும் இல்லை. ஃபுட் வால்வை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அவள் வீட்டுக்காரர் கிணற்றில் இறங்கிப் பைப்பின் அடியைக் கழற்றிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். பித்தளைக் கூடை போன்ற ஒன்று, உள்ளே நைந்துபோன தோல் மூடி. அதை எடுத்துவிட்டு எங்கள் வாசற்படி ரப்பரை வைத்துத் திருகினார்கள். அவள் கடைசியாக ஒருமுறை குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றினாள். மோட்டார் ஓடியது, நின்றது. "இனி காலைலதான் தெரியும்" என்றாள். மறுநாள் காலை பாலோடு வந்தவள் கேனை இறக்கி வைப்பதற்கு முன்பே, "சுவிச்சப் போட்டேன், கொட்டிச்சி!" என்றாள். அன்று பாலை அளந்த பிறகு, வழக்கமாக விடுவதைவிட ஒரு கை அதிகமாகவே ஊற்றினாள்.

என் கணவரின் பதில் அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. பனி முழங்கால் அளவு விழுந்திருக்கிறது என்று தொடங்கி, காரை இனித் தொடவே வேண்டாம், பேட்டரி செத்தால் சாகட்டும், பம்பு போயிருக்கிறது, வந்து எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று முடித்திருந்தார். நான்கு பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். கிணறு, பைப்பு, ஃபில்ட்டர் கிண்ணம் எல்லாம் படமாகப் போட்டு அம்புக்குறி வைத்திருந்தேன். அதற்குப் பதில் ஒரே வரிதான் வந்தது: "ரப்பர் வட்டு பற்றி எனக்கே தெரியாது."

அவர் திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு மாலை வடலூர்க் கடைத்தெருவுக்குக் காரில் போனோம். முந்தைய நாள்தான் கொட்டகையில் படுத்து, தானே ஆயில் மாற்றியிருந்தார்; இனி எந்தக் கடைக்கும் விடுவதில்லை என்று முடிவு. பாதி வழியில் ஒரு வளைவில் ஆயில் விளக்கு ஒரு முறை மினுக்கியது. நேரான சாலைக்கு வந்ததும் அணைந்தது. அடுத்த வளைவில் எரிந்து, அணையவில்லை.

"உன் ஃபுட் வால்வு மறுபடி போச்சா?" என்றார்.

"நிறுத்துங்க."

"கொஞ்ச நேரம் எரிஞ்சு அணையும்னுதானே எழுதினே? வடலூர் ரெண்டு மைல்தான்."

"அது ஸ்டார்ட் பண்றப்ப. ஆயில் வந்துகிட்டிருக்குன்னு அர்த்தம். இது ஓடிகிட்டிருக்கறப்ப எரியுது. வந்த ஆயில் போயிடுச்சுங்க. இப்பவே நிறுத்துங்க."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். புளியமரத்தடியில் ஒதுக்கி, எஞ்சினை அணைத்தார். இறங்கிப் பார்த்தோம். வந்த வழியெல்லாம் சாலையில் கறுப்பாக ஒரு கோடு. காருக்கு அடியில் சொட்டு சொட்டாக மிச்ச ஆயில் விழுந்துகொண்டிருந்தது. ஆயில் இறக்குவதற்காகத் திறந்த அடி போல்ட்டை அவர் முழுதாக முறுக்கவில்லை.

அவர் மண்டியிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கையைக் கைக்குட்டையில் துடைத்தார். "நான்தான்" என்றார். வடலூரிலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினோம். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே அவர் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார்: வளைவில் மட்டும் ஏன் முதலில் மினுக்கியது? நேர் ரோட்டில் ஏன் அணைந்தது? ஆயில் குறைந்து, திரும்பும்போது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், பம்பு காற்றை இழுத்திருக்கும் என்றேன். அப்படியா என்று யோசித்தார். தெரியவில்லை, நாளைக்குக் கேட்போம் என்றேன்.

மறுநாள் ஃபோர்மன் புளியமரத்தடிக்கே வந்து போல்ட்டை முறுக்கி, புது ஆயில் ஊற்றி, காதை வைத்துக் கேட்டார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு மைல் ஓட்டியிருந்தால் உள்ளே எல்லாம் உருகிப் பிடித்திருக்கும் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, வளைவைப் பற்றி நான் சொன்னது சரி என்றார். அந்த எஞ்சினைத் திறக்காமலேயே இன்னும் ஐந்து வருடம் அந்தக் கார் எங்களிடம் ஓடியது.